பேசும் வழி நீக்கப்பட்டது

நாயுடுபுரம், கொடைக்கானல்
4 செப்டம்பர் 2005

ஏலே மகேந்திரா,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

வட்டக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கும் சேனாதிபதி அண்ணாச்சியை உனக்குத் தெரியும். தங்க வருகிறவர்கள் மெயில் பார்க்கட்டும் என்று புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதில் லாந்தர் மென்பொருளை ஏற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆகஸ்டில் வந்த புது சிடியைப் போட்டேன். பீப் சத்தம் வந்தது. பேசும் வழியைத் தொடங்க எஸ் பொத்தானை அழுத்தினேன். உன் குரல் வணக்கம் சொல்லவில்லை.

மறுபடி அழுத்தினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். சிடியைத் துடைத்துப் போட்டேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அண்ணாச்சி டீயோடு வந்து பின்னால் நின்றார். "தம்பி, ஸ்கிரீன்ல ஏதோ படம் வந்து அம்புக்குறி நிக்குதுங்களே. எதையோ அமுக்கச் சொல்லுது. நான் வேணாப் பாத்துச் சொல்லட்டுங்களா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சிடி பழுதுங்க என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து, இந்த வெளியீட்டில் என்னென்ன மாற்றம் என்ற குறிப்பை என் மெஷினில் ஓடவிட்டுக் கேட்டேன். "பேசும் நிறுவல் வழி நீக்கப்பட்டது. நீக்கியவர் மகேந்திரன்." அதை உன் குரலிலேயே கேட்டேன்டா.

கண் போய் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த வருஷம் நீ வந்து என்ன சொன்னாய்? "செல்வினு, ஒருத்தரையும் கேக்காம நீயே ஒரு மெஷின எந்திரிச்சு நிக்க வைக்கிற மாதிரி நான் செஞ்சு தாரேன்லே" என்றாய். எங்கள் வீட்டுப் பின்னறையில் ஜன்னலைக் கம்பளியால் அடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பதிவு செய்தாய். லாந்தரை உலகத்தில் எத்தனையோ பேர் சேர்ந்து செய்கிறார்கள், இலவசமாகக் கொடுக்கிறார்கள், எல்லாம் சரி. அதில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வழிதான். மற்ற வழிக்கெல்லாம் மவுஸ் வேண்டும், கண் வேண்டும். அந்த வழியை வைத்துத்தான் இந்த மலையில் நாலு பேர் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதைப் போட்டவனும் நீதான், பிடுங்கினவனும் நீதான்.

போன் செய்யாதே. போன் ஹாலில் இருக்கிறது, அப்பாவும் தங்கச்சி ஜெனியும் இருக்கும்போது உன்னை மனம்போலத் திட்ட முடியாது. மெயிலும் வேண்டாம். என் மெயிலை ப்ரௌசிங் சென்டர் ஞானவேல்தான் இறக்கித் தருகிறான், அவன் படிக்காமல் எதையும் தருவதில்லை. இந்தக் கடிதத்தை நானே டைப் அடித்து நானே பிரிண்ட் எடுத்திருக்கிறேன். பதிலை வழக்கம்போல பிளாப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பு, என் மெஷின் உன் குரலில் வாசித்துக்கொள்ளும். தாளில் எழுதினால் யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

செல்வின்

•

ஸ்டுட்கார்ட்
17 செப்டம்பர் 2005

அன்புள்ள செல்வின்,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பிறகு அன்று வேலை ஓடவில்லை.

கோபப்படாமல் கேள். லாந்தரில் ஒரு விதி இருக்கிறது, உனக்கும் தெரியும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், ஒவ்வொரு நிறுவல் வழியையும் யாராவது ஓட்டிப் பார்த்து "வேலை செய்தது" என்று மெயில் குழுமத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வழியைச் செய்தவனே தன் வேலைக்குச் சாட்சி சொல்லக் கூடாது. இரண்டு வெளியீட்டுக்கு ஒருத்தரும் எழுதவில்லை என்றால் அந்த வழி போய்விடும். பேசும் வழிக்கு யாரும் எழுதவில்லை. புது மெஷின்களுக்காக அதில் நிறையத் திருத்த வேண்டியும் இருந்தது.

நான் குழுமத்தில் கேட்டேன். "இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். அது உனக்காகத்தான். நீ ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன். இங்கே ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, உன்னைத் தவிர இது யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறதே என்றார்கள். நீ எழுதவேயில்லை. நீ வேறு எதற்கோ மாறிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவன் கையால் அது போக வேண்டாம் என்றுதான் நானே எடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு திருத்த வெளியீடு வருகிறது. இப்போதாவது எழுது. திரும்பச் சேர்க்க என்னால் ஆனதைச் செய்கிறேன்.

இந்தக் குரல் இப்போது உன்னிடம் எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி வாசிக்க அதற்கு நான் சொல்லித் தரவில்லை.

மகேந்திரன்

•

நாயுடுபுரம்
1 அக்டோபர் 2005

மகேந்திரா,

குழுமத்துக்கு எழுதிவிட்டேன். "வேலை செய்தது. நான் பயன்படுத்துகிறேன்." ஞானவேல் அனுப்பிக் கொடுத்தான்.

நீ கேட்ட அந்தக் கேள்வியை அப்போதே கேட்டேன். இரண்டு தடவையும் கேட்டேன். பதில் எழுதாதது என் திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டது யார்? ஊர் பேர் தெரியாத ஒருத்தன் கேட்டிருந்தால் வெள்ளனே போய்ப் பதில் போட்டிருப்பேன். "யாராவது பயன்படுத்துகிறீர்களா" என்று நீ கேட்டால் நான் என்ன எழுதுவது? ஆமாங்க, நாயுடுபுரத்தில் செல்வின் என்று ஒருவன் இருக்கிறேனுங்க என்றா? உனக்கே தெரியாதா?

அதோடு, பழுது வந்தால்தானே எழுதுவார்கள்? நம் ஊரில் கடிதம் வந்தாலே கெட்ட செய்தியோ என்று அம்மாக்கள் பயப்படுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது, அதனால் பேசாமல் இருந்தேன். அது உங்கள் ஊரில் ஆளே இல்லை என்று கணக்காகும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி எழுதப்போவதை, மெஷின் வாசிப்பது வெளியே கேட்காதபடி ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடிக்கிறேன். ஜெனியைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் மரியசெல்வம், வத்தலக்குண்டில் வாத்தியார், குறை சொல்ல எதுவுமில்லை. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஜெனி மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நீ ஜெர்மனி போன நாளிலிருந்து, என் மெஷின் பேசும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்துவிடுகிறாள். பில்லையும் ஸ்பேர் லிஸ்டையும் உன் குரல் வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாள்.

உன் மனதில் ஏதாவது இருந்தால் எனக்குச் சொல். அவளுக்கு நேராக எழுதிவிடாதே. இல்லை என்பது உன் பதிலானால், இப்படி ஒருத்தன் கேட்டான் என்பதே அவளுக்குத் தெரியக் கூடாது. அது அவளுக்கு நான் செய்கிற மரியாதை.

செல்வின்

•

ஸ்டுட்கார்ட்
17 அக்டோபர் 2005

அன்புள்ள செல்வின்,

முதலில் கெட்ட செய்தி. திரும்பச் சேர்க்கவில்லை. உன் வரி வந்தது. அதற்குக் கீழே ஒருவர், "ஒரே ஒரு பயனர்தானே, பார்வையுள்ள நண்பர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து உதவலாமே" என்று எழுதினார். நாலைந்து பேர் அதை ஆமோதித்தார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அந்த வாரம்தான் இங்கே என் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் இரண்டு பேர் அந்தக் குழுமத்தில் இருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த கோடையில் வரும் பெரிய வெளியீட்டில் எப்படியும் கொண்டுவருவேன்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. ஜனவரியில் லீவில் வருகிறேன். உனக்கு வந்திருக்கும் வேலைக்கெல்லாம் நானே கூட வருகிறேன். நீ சொல், நான் ஸ்கிரீனைப் பார்த்து அழுத்துகிறேன். நான் இல்லாத நேரத்துக்கு ஓர் ஆளையும் பழக்கிவிட்டு வருகிறேன்.

ஜெனியைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது. சிலோனிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. அடுக்கம் கிராமத்தில் அம்மா இன்னும் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குத்தான் போகிறாள். ஸ்கூல் படிக்கிற காலத்தில் பாதி நாள் உங்கள் வீட்டில் சாப்பிட்டவன் நான். சாப்பாடு போட்ட ஜெபதுரை சாரிடம் போய் அவர் பெண்ணைக் கொடு என்று கேட்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது? சபை வேறு, சாமி வேறு. எனக்குக் கொஞ்ச நாள் கொடு.

மகேந்திரன்

•

நாயுடுபுரம்
2 நவம்பர் 2005

மகேந்திரா,

உன் யோசனைக்கு நன்றி. வேண்டாம்.

ஆள் துணை இல்லாமல் இருக்க ஒரு வழி செய்து கொடுத்தவன் நீ. இப்போது அதை எடுத்துக்கொண்டு ஆள் தருகிறேன் என்கிறாய். ஆளுக்கு என்னடா பஞ்சம்? என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக நாயுடுபுரம் முழுக்க ஆள் இருக்கிறது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து "இப்ப நீலமா ஒரு கட்டம் வந்திருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தால், மெஷினை ஏற்றுவது அவர், உட்கார்ந்திருப்பது நான். சேனாதிபதி அண்ணாச்சி மெஷினுக்கு ஞானவேல் ஏற்றிக் கொடுத்துவிட்டான். இனி அவனைத்தான் கூப்பிடுவார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

உன் வேலை நிரந்தரமாகப்போவதற்குச் சந்தோஷப்படுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். இதற்குமேல் லாந்தரைப் பற்றி உன்னிடம் பேசப்போவதில்லை.

ஜெனி விஷயத்தில் நாள் கொடுக்க என்னால் முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் புதிதாகக் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. அது தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் தேதி, ஆராதனை முடிந்ததும் பதில் சொல்வதாக அப்பா அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவைப் பற்றி நீ பயப்படாதே. கொஞ்சம் குதிப்பார், அப்புறம் ஜெனி முகத்தைப் பார்த்து அடங்கிவிடுவார். அவரிடம் பேச வேண்டியது என் பொறுப்பு. ஆனால் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் நான் எதை வைத்துப் பேசுவேன்? மனதில் இருந்தும் பேசாமல் இருந்த தப்பை நான் ஒரு தடவை செய்து, எது போனது என்று உனக்கே தெரியும். நீயும் அதைச் செய்யாதே.

வெரசா எழுது. ஆமாவோ இல்லையோ, இருபத்தேழுக்கு முன்னால் எனக்கு வந்தாக வேண்டும்.

செல்வின்

•

ஸ்டுட்கார்ட்
14 நவம்பர் 2005

செல்வின்,

ஹெட்போனை மாட்டிக்கொள். மாட்டிவிட்டாயா?

சம்மதம். ஆமாம். முதலில் அதைக் கேட்டுக்கொள், மற்றதைப் பிறகு கேட்டால் போதும்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. உடனே அடுக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நம்மளால ஏலாதுன்னு நீயா நெனச்சுக்கிட்டு கெடந்தா நான் என்ன செய்ய? அந்தப் புள்ளைக்கு ஒன்னப் புடிக்குதுன்னா வேணாங்க நான் யாரு?" என்று திட்டினாள். கோயிலோ சர்ச்சோ, எங்கே வைத்தாலும் வருகிறேன் என்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் தயார். ஜனவரி முதல் வாரம் டிக்கெட் போட்டுவிட்டேன். ஜெபதுரை சார் முன்னால் நானே வந்து நின்று கேட்கிறேன்.

இத்தனை வருஷம் உன்னிடம்கூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பின்னறையில் பதிவு செய்த நாட்கள் ஞாபகமிருக்கிறதா? நீ உள்ளே மைக்கோடு இருப்பாய். ஜெனி சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வாசலில் நிற்பாள். பால்காரரை உதட்டில் விரல் வைத்து நிறுத்துவாள். குக்கர் விசில் அடிக்கப் போனால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். ஒரு நாள் பதிவு முடிந்து நான் வெளியே வந்தபோது, "தொண்ட கட்டிருச்சே, மகேன்" என்று சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வேண்டுமென்றே சில எழுத்துகளைக் கெடுத்து, திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்று உன்னிடம் பொய் சொன்னேன். இன்னும் சில நாள் அந்த வீட்டுக்கு வரலாமே என்றுதான்.

உங்கள் வீட்டுக்குப் போன் செய்து பார்த்தேன். அவள் எடுத்தால், அண்ணனைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லலாம் என்று இருந்தேன். லைன் போகவில்லை, மழையில் செத்துக் கிடக்கிறது போல. ஞானவேல் வழியாக மெயில் போட மனம் வரவில்லை. இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன், இருபத்தைந்துக்குள் உன் கையில் இருக்கும் என்று சொல்கிறார்கள்.

லாந்தர் விஷயத்தில் உன்னிடம் தோற்றுவிட்டேன். இதில் தோற்க மாட்டேன். அவளிடம் நீயே சொல். இந்தக் குரலில் வேண்டாம், உன் குரலில் சொல்.

மகேன்

•

நாயுடுபுரம்
2 டிசம்பர் 2005

அன்புள்ள மகேந்திரனுக்கு,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இதை நான் சொல்ல ஜெனி எழுதுகிறாள்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை இங்கே பெரிய இடி விழுந்தது. வீட்டுப் போனும் என் கம்ப்யூட்டரும் ஒன்றாகப் போய்விட்டன. அப்பா எனக்கு ஒரு புது மெஷின் வாங்கித் தந்தார். பழைய சிடியைப் போட்டு எஸ் பொத்தானை அழுத்தினேன். உன் குரல் வணக்கம் சொன்னது. பிறகு, டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய லாந்தருக்குப் புது டிஸ்க்கைத் தெரியவில்லை. புது சிடியில் நீ இல்லை. கடைசியில் ஞானவேல் வந்து ஏற்றிக் கொடுத்தான். இப்போது மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பேசுவதில்லை.

உன் பிளாப்பி இருபத்தைந்தாம் தேதி வந்து சேர்ந்தது. அதைக் கேட்க என்னிடம் வழி இல்லை. நான் வாசித்துக் காட்டட்டுமா என்று ஜெனி கேட்டாள், வேண்டாம் என்றேன். ப்ரௌசிங் சென்டருக்கு எடுத்துப் போனேன். "குடுங்கண்ணே, சத்தமா வாசிக்கிறேன்" என்றான் ஞானவேல். அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லாந்தர் விஷயமாகத்தான் எழுதியிருப்பாய் என்று வீட்டில் சொன்னேன். அதில் ஆமா என்ற பதில் இருந்தால் எப்படியாவது அடுக்கத்திலிருந்து ஓர் ஆளையாவது விட்டிருப்பாய், ஆகவே திரும்பச் சேர்க்க முடியாது என்றுதான் எழுதியிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்மேல் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தி ஒன்று. ஜெனிக்கு வத்தலக்குண்டு மரியசெல்வத்தோடு நிச்சயமாகியிருக்கிறது. கிறிஸ்துமஸ் கழித்து ஜனவரி ஒன்பதாம் தேதி கல்யாணம். அப்பா பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை அவள் என்னிடம் வந்து, "அண்ணே, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். பிளாப்பி என் சட்டைப் பையில் இருந்தது. "சரின்னு சொல்லும்மா" என்றேன். வேறு யாரும் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிளாப்பியில் இருந்ததைத் தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று இப்போதும் சொல்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நீ அனுப்ப வேண்டாம், மகேந்திரா. இனி நீ எனக்கு எது எழுதினாலும் அதை அவள்தான் வாசிக்க வேண்டும்.

கையெழுத்து மட்டும் என்னுடையது.

செல்வின்